சான்று பெற்ற காற்று

ஊருக்கு இளைத்தவன் பி.டி. மாஸ்டர் என்பது அந்த அரசுப் பள்ளியில் எழுதப்படாத விதி. கூரை ஒழுகினால் ஏறிப் பார்ப்பதும், மைதானத்தில் பாம்பு வந்தால் தடியெடுப்பதும், மேசை உடைந்தால் சுமப்பதும் அவர்தான். அதனால் தலைமையாசிரியைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பொறுப்பு யாரிடம் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்கு அன்றைக்கென்று பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கணக்கு டீச்சருக்குத் தன் மாமியாரின் உடல்நிலை திடீரென்று நினைவுக்கு வந்தது. அறிவியல் வாத்தியார் போனையே எடுக்கவில்லை.

பள்ளியைப் பெருக்கும் ஆயாம்மா சாவிக்கொத்தையும் அலுவலக போனையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் மருந்து தெளித்து, தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"மாஸ்டர், இனிமே எல்லாம் நீங்கதான்."

கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் அவரை விசில் மாஸ்டர் என்பார்கள். பந்தயம் ஆரம்பிக்கவும் முடிக்கவும் தெரிந்த மனிதர். நடுவில் நடப்பதை நிர்வகிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் மகள் அதே பள்ளியில் ஏழாவது படித்தாள். மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள்.

பள்ளிகளைப் பூட்டி வைத்திருந்த அந்த நோய்க்காலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு இரண்டு விஷயங்கள் தடையில்லாமல் கிடைக்கும் என்று துறை அறிவித்திருந்தது. ஒன்று தகவல், இன்னொன்று ஆதரவு. தகவல் வந்துகொண்டே இருந்தது. ஆதரவு வந்துகொண்டிருக்கிறது என்பதே தகவல்.

அலுவலக போனில் அதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில், 'பள்ளிகள் திறக்கப்படா' என்று வரும். மத்தியானம், 'திறக்காத பள்ளிகள் உடனே விளக்கம் தரவும்' என்று வரும். சாயங்காலம், 'காலைத் தகவலைப் படிக்காதவர்கள் இனிப் படிக்க வேண்டாம், படித்தவர்கள் மறந்துவிட்டதை உறுதி செய்யவும்' என்று வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே எல்லாத் தலைமையாசிரியர்களும் கும்பிடும் கைகளை வரிசையாகப் போடுவார்கள். விசில் மாஸ்டரும் போட்டார். எதற்கென்று தெரியாவிட்டாலும் கும்பிடுவதில் நஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தலைமையாசிரியை ஒருமுறை பேசினார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். வாக்கியத்தின் பாதியில் நின்று நின்று மூச்சு வாங்கினார்.

"மாஸ்டர்... பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முன்னாடி ஜன்னலத் தெறந்துடுங்க. காத்து வந்தா... பாதிக் கவலை விட்டுது."

"சரி டீச்சர். நீங்க எப்ப வர்றீங்க?"

"மூச்சு வந்ததும்," என்றார். சிரிக்கிறார் என்று நினைத்து மாஸ்டரும் சிரித்தார். மறுமுனையில் இருமல் நிற்கவேயில்லை.

ஜன்னல்களின் கதை வேறு. முன்பு யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று அவசரமாகப் பெயிண்ட் அடித்தபோது கதவு, சட்டம், கொண்டி எல்லாவற்றையும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். அதிகாரி வரவில்லை. ஜன்னல்கள் அதற்கப்புறம் திறக்கவும் இல்லை. மாஸ்டர் பெரிய வகுப்பறைக்குள் போய் ஒரு ஜன்னலைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். கத்திதான் முறிந்தது. குழுவில் எழுதினார்: 'ஜன்னல்கள் திறக்கவில்லை. ஒரு தச்சரை அனுப்பி உதவவும்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. தச்சர் இல்லை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் இறங்கினார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. அவர்களுக்குத் தலைவராக வந்தவர் ஆதரவு அலுவலர். கெட்ட செய்தி சொல்லப் பழகிய டாக்டரைப் போல மிக மெதுவாகப் பேசினார்.

"நாங்க காற்றோட்ட ஆதரவுக் குழு. பயப்படாதீங்க மாஸ்டர்."

அதுவரை மாஸ்டர் பயப்படவில்லை.

பெட்டி மாதிரி ஒரு கருவியைப் பெரிய வகுப்பறையின் நடுவில் வைத்தார்கள். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பச்சை விளக்கு காட்டியது.

"இந்த அறைக்குள்ள கடைசியா யார் வந்தது?"

"காலையில நான்தான், ஒரு நிமிஷம். அதுக்கு முன்னாடி பூட்டினதுலேர்ந்து யாருமே வரல சார்."

"அருமை," என்றார் அலுவலர். குரலில் ஒரு பக்தி இருந்தது. "இவ்வளவு சுத்தமான காத்த நான் எங்கயுமே பார்த்ததில்ல. யாருமே சுவாசிக்காத காத்து."

"சார், நான் கேட்டது தச்சர்..."

"ஜன்னலத் தெறந்தா இந்தக் காத்து என்ன ஆகும் மாஸ்டர்?"

"வெளிய போகும்."

"வெளிய இருக்கற காத்து?"

"உள்ள வரும்."

"அந்தக் காத்துக்குச் சான்று இருக்கா?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். இல்லை.

ஆட்கள் ஜன்னல் விளிம்புகளில் அகலமான டேப் ஒட்டினார்கள். கதவிடுக்கில் ரப்பர் பட்டை அடித்தார்கள். கல்வித்துறை இயக்குநர் புன்னகைக்கும் படத்தோடு ஒரு சான்றிதழைக் கதவில் பதித்தார்கள். 'இவ்வறையின் காற்று அரசால் சான்றளிக்கப்பட்டது. வீணாக்குவது குற்றம்.'

"சார், நான் உள்ள பெருக்கணுமே?" என்று கேட்டாள் ஆயாம்மா.

"தாராளமா பெருக்குங்கம்மா. மூச்சு மட்டும் விடாதீங்க."

ஆயாம்மா அன்றோடு வேலையை விட்டு நின்றாள்.

அந்த வாரமே இயக்குநர் எல்லாத் தலைமையாசிரியர்களையும் காணொலிக் கூட்டத்துக்கு அழைத்தார். மாஸ்டர் வீட்டுக் கூடத்தில், மகளின் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். மனைவி பின்னால் நின்று துணி மடித்தபடி கேட்டாள்.

"அன்பான தலைமையாசிரியர்களே," என்று தொடங்கினார் இயக்குநர். "இந்த நோயை நமது துறை எப்போதோ வென்றுவிட்டது. நோய்க்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. நம் பிள்ளைகளில் போன் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. இதை நான் யூகமாகச் சொல்லவில்லை. போன் மூலமாகவே கணக்கெடுத்தோம். பேசிய அத்தனை பேரும் போன் இருப்பதாகத்தான் சொன்னார்கள். ஆசிரியர்கள் நோயுற்றதாகச் சிலர் எழுதுகிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். எழுத எழுதத்தான் எண்ணிக்கை கூடுகிறது. பிள்ளைகளின் உயிருக்கு யார் பொறுப்பு என்று ஒரு நிருபர் என்னிடம் கேட்டார். நான் ஒளிவுமறைவு இல்லாதவன். அதற்கென்று ஒரு குழு அமைத்திருக்கிறோம் என்றேன். அந்தக் குழுவில் இதுவரை யாரும் இல்லை. அதனால் கருத்து வேறுபாடும் இல்லை."

திரையில் கட்டம் கட்டமாகக் கைகள் தட்டின. ஓசை வரவில்லை.

"சான்று பெற்ற காற்றுள்ள முதல் பள்ளியை வரும் திங்களன்று நானே திறந்து வைக்கிறேன். பெற்றோருக்கு நம்பிக்கை பிறக்க, ஆசிரியர்களின் சொந்தப் பிள்ளைகள் முதல் வரிசையில் அமர வேண்டும்."

துணி மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'உங்கள் ஒலி அமைப்பாளரால் அணைக்கப்பட்டுள்ளது' என்று திரை சொன்னது.

"என்னங்க, நம்ம பொண்ணுக்கு இளைப்பு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி.

"சொல்றேன்."

"எப்ப சொல்லுவீங்க? நான் கடையில நிக்கறேங்க. எத்தன பேரு வந்து அழுதுட்டுப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. இப்பவே பேசுங்க."

மாஸ்டர் ஆதரவு அலுவலரை அழைத்தார்.

"சார், என் பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இளைப்பு."

"ரொம்ப சந்தோஷம் மாஸ்டர்."

"சார்?"

"இளைப்பு இருக்கற பிள்ளையே நல்லா மூச்சு விடுதுன்னா மத்தவங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை வரும்! கேமராவுக்கு நேரா உக்கார வைங்க."

"அனுப்பலன்னா?"

அலுவலர் இன்னும் மெதுவாகப் பேசினார்.

"எங்க ஆதரவு உங்களுக்கு எப்பவும் இருக்கு மாஸ்டர். அது வேணாம்னு சொன்னவங்களும் சில பேர் இருந்தாங்க. நல்ல மனுஷங்க. இப்ப அவங்க நம்பர்கூட என்கிட்ட இல்ல."

இது நடந்து ஓரிரு நாளில் பெரிய டீச்சர் போய்விட்டார். அவர் கணவர்தான் போன் செய்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை என்றார். பிறகு, பள்ளிக்கூடத்துக்குச் சொல்லணும்னு தோணிச்சு, வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல என்றார்.

மாஸ்டர் விளையாட்டுப் போட்டிகளில் தோற்ற பிள்ளைகளை எத்தனையோ முறை தேற்றியிருக்கிறார். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அன்று உதவிக்கு வரவில்லை. "ஐயா... ஐயா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன் குழுவில் செய்தியைப் பதிந்தார். உடனே பதில் வந்தது. 'தங்கள் பதிவில் இறப்பு என்ற சொல் உள்ளது. விடுப்பு, மாறுதல், வேறு பணி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.' அவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் துறையே தேர்ந்தெடுத்திருந்தது. 'தலைமையாசிரியை மாறுதலில் சென்றுள்ளார். புதிய இடத்தில் அவர் பணி சிறக்க வாழ்த்துகள்.' கீழே பூங்கொத்துகள் வரிசை கட்டியிருந்தன. ஒருவர், 'எங்கள் பக்கமும் வாருங்கள் அம்மா' என்று எழுதியிருந்தார்.

மனைவி அதை வாங்கிப் படித்தாள். நீண்ட நேரம் படித்தாள்.

"நம்ம பொண்ண அனுப்ப வேணாங்க," என்றாள்.

அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், "நான் போகலன்னா உங்க வேலை போயிடுமாப்பா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லடா குட்டி."

அவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் பள்ளிப் பையை எடுத்துத் தூசி தட்டினாள். இன்ஹேலரைப் பையின் முன்னறையில் வைத்த தாய், மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் பெற்றோர்கள் எட்டி எட்டி நின்றார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக, பக்கவாட்டில், கதவை அதிகம் திறக்காமல் உள்ளே நுழைத்தார்கள். "சீக்கிரம், சீக்கிரம், காத்து போகுது," என்று வெள்ளை உடுப்புக்காரர்கள் விரட்டினார்கள். கடைசியாக மாஸ்டர் நுழைந்தார்.

"சார், நீங்க வரலையா?"

"நானும் வந்தா காத்து எல்லாருக்கும் பத்தாது," என்றார் ஆதரவு அலுவலர். கதவு மூடியது. வெளியிலிருந்து ஏதோ பூட்டு விழுந்தது.

அறை முழுக்கப் பிள்ளைகள். முன்சுவரில் பெரிய திரை, அதன் மேல் ஒரு கேமரா. மின்விசிறி போடக் கூடாது, காற்று கலைந்துவிடும். திரையில், 'இயக்குநர் சற்று நேரத்தில் இணைவார்' என்று இருந்தது. அது அப்படியே இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது. பின் பெஞ்சில் ஒரு பையன் இருமினான். ஜன்னலுக்கு வெளியே அலுவலர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பையன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்க உள்ளுக்குள்ளேயே இருமினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ சன்னமாக விசில் ஊதுவது போல. பிள்ளைகள் எல்லோரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விசில் நெஞ்சில் சும்மா தொங்கியது. சத்தம் முதல் வரிசையிலிருந்து வந்தது.

மகள் இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்சியிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. "ஒண்ணுமில்லப்பா," என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மூச்சு பிடித்தது.

மாஸ்டர் கதவைத் தட்டினார். பிறகு குத்தினார்.

"தெறங்க சார்! பிள்ளைக்கு முடியல!"

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர்," என்றது மெதுவான குரல். "கதவு இயக்குநர் பட்டன் அழுத்தினாத்தான் தெறக்கும். அவர்தானே தெறப்பாளர்."

அதே நேரம் திரை வெளிச்சமானது. இயக்குநர் பசுமையான ஒரு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். இலைகள் அசைந்தன. அவர் தலைமுடிகூடக் காற்றில் பறந்தது.

"ஆஹா, என்ன ஒரு ஒழுக்கம்!" என்றார். "இந்த அமைதியைப் பாருங்கள். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கிறார்கள். பட்டனை அழுத்துவதற்கு முன், காற்றின் வரலாறு குறித்துச் சில வார்த்தைகள்..."

மகளின் உதடு நீலம் பாரிப்பதை மாஸ்டர் பார்த்தார். அதற்கு மேல் அவர் எதையும் யோசித்ததாகச் சொல்ல முடியாது. விளையாட்டுச் சாமான்களுக்குத் தனி அறை கேட்டுக் கிடைக்காததால் அவையெல்லாம் அந்த வகுப்பின் பின் அலமாரியில்தான் கிடந்தன. அலமாரியைத் திறந்து குண்டெறியும் இரும்புக் குண்டை எடுத்தார். விசிலை வாயில் வைத்து, நுரையீரலில் இருந்த அத்தனை அரசுக் காற்றையும் சேர்த்து ஊதினார்.

"எல்லாரும் தலையக் குனிங்க!"

குண்டைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தார். இளமையில் சொல்லிக்கொடுத்தபடியே முதுகைக் காட்டி நின்று, ஒரு காலில் சறுக்கித் திரும்பி, எறிந்தார். வெளியே நின்ற அலுவலர் நகர்ந்தது நல்லதாயிற்று. ஜன்னல் சட்டத்தோடு பிய்ந்து விழுந்தது. எதிர்ச் சுவர் ஜன்னலை பெஞ்சால் இடித்தார். மூன்றாவதைப் பெரிய பையன்கள் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து மூச்சு விடும் சத்தத்தை அதற்கு முன் அவர் கேட்டதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கி, மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. "அப்பா, குண்டு எவ்வளவு தூரம் போச்சு?" என்று கேட்டாள். அவர் அப்போதுதான் அழுதார். உள்ளே திரையில் இயக்குநர் காற்றின் வரலாற்றில் நடுப்பகுதிக்கு வந்திருந்தார்.

ஆதரவு அலுவலர் கோபப்படவே இல்லை. உடைந்த ஜன்னலருகே கருவியை நீட்டி எதையோ பார்த்துவிட்டு, "நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது மாஸ்டர்," என்று மெல்லச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வேலை போனது என்றே வீட்டில் முடிவு செய்தார்கள். "போனாப் போகுது. நான் கூடுதல் நேரம் நிக்கறேன்," என்றாள் மனைவி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் தட்டில் அவளே சோறு பரிமாறினாள். அன்று சாயங்காலம் போன் சிணுங்கியது.

'மாதிரிப் பள்ளியின் சான்று பெற்ற காற்று இன்று வெற்றிகரமாகப் பொதுவெளியில் கலக்கப்பட்டது. இதன்மூலம் நகரின் மொத்தக் காற்றும் சான்று பெற்றதாகிறது. எனவே அனைத்துப் பள்ளிகளும் உடனே திறக்கப்படும். கலந்த காற்றை வீணாக்காமல் அந்தந்தப் பள்ளிகள் பிடித்து வைத்துக்கொள்ளவும். இத்திட்டத்தைத் தன் கையாலேயே தொடங்கிவைத்த உடற்பயிற்சி ஆசிரியர், காற்றோட்ட ஆதரவுக் குழுவில் ஆலோசகராக நியமிக்கப்படுகிறார்.'

கீழே கும்பிடும் கைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"நல்லதுக்குத்தானங்க உடைச்சீங்க?" என்றாள் மனைவி.

"நல்லதுக்குத்தான்."

"பின்ன ஏங்க இப்படி?"

ஊரில் எத்தனை பள்ளிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை முதல் வரிசைகள் என்று மாஸ்டரின் மனம் எண்ணத் தொடங்கியது, பாதியில் பயந்து நின்றது. மறுநாள் விடியும்போதே மனைவி கடைக்குக் கிளம்பினாள். முதலாளி சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். கடை திறக்கும் முன்பே ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். மகளை அவளோடு அனுப்பிவிட்டு மாஸ்டர் வாசலில் நின்றார். தெரு முழுக்கப் பிள்ளைகள் சீருடையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜீப் வந்தது.

"ஏறுங்க ஆலோசகரே," என்றார் ஆதரவு அலுவலர்.

முதல் பள்ளியின் தலைமையாசிரியர் வாசலுக்கே ஓடிவந்து வரவேற்றார். சட்டையெல்லாம் வியர்த்திருந்தது.

"எல்லாம் தயாரா?" என்று கேட்டார் அலுவலர். "ஜன்னல் எல்லாம் டேப் ஒட்டணும்."

"டேப்பா? நாங்க நேத்தே எல்லாத்துக்கும் ஆணி அடிச்சிட்டோம் சார்!" அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "பிள்ளைங்க காலையிலேர்ந்து உள்ளதான் இருக்காங்க. ஒரு சொட்டுக் காத்துகூட வெளிய போகல."

மூடிய வகுப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல, ஒரு வகுப்பு முழுக்கச் சேர்ந்து வணக்கம் சொன்னது. நடுவில் யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர்.

மாஸ்டர் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அலுவலரிடம், அவரைப் போலவே மெதுவான குரலில் கேட்டார்.

"வண்டியில சுத்தியல் இருக்குமா சார்? ஆணி பிடுங்கற வாய் உள்ளதா?"

"எதுக்கு மாஸ்டர்?"

"ஆணி சரியா இறங்கியிருக்கான்னு பாக்கணும். ஒவ்வொண்ணா. காத்து விஷயம், அலட்சியமா விடக் கூடாது பாருங்க."

அலுவலரின் கண்கள் மலர்ந்தன. "இப்பத்தான் நீங்க துறை ஆள் மாதிரி பேசறீங்க," என்று தன் கையாலேயே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த ஊர்ல எல்லாப் பள்ளிக்கும் நானே போய்ப் பாத்துடறேன் சார்," என்றார் விசில் மாஸ்டர். கதவைத் திறந்து உள்ளே போனார். உள்ளிருந்தபடியே அதைத் தாழிட்டுக்கொண்டார்.